தூங்கம்மாவும் ஒன்பதாவது கையும்

அவளுக்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு. சம்பளப் பதிவேட்டில் இருக்கிறது. வேறெங்கும் புழக்கத்தில் இல்லை. நகராட்சிக் குழந்தைகள் காப்பகத்தில் வாய் திருந்தாத ஒரு வாண்டு என்றைக்கோ அவளைத் தூங்கம்மா என்று கூப்பிட்டுத் தொலைத்தது. அந்த வாண்டுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை. கட்டின புருஷனே வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறார் என்றால் ஊரைச் சொல்வானேன்.

அவள் வேலை குழந்தைகளைத் தூங்க வைப்பது. மதியச் சாப்பாடு முடிந்ததும் காப்பகத்தில் ஒரு பிரளயம் நடக்கும். ஒன்று ஓடும், ஒன்று அதைக் கடிக்கும், கடிபட்டதைவிடக் கடித்தது அதிகமாக அழும். தூங்கம்மா திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, பாய்களுக்கு நடுவே சப்பணம் போட்டு உட்காருவாள். வலது கை ஒரு முதுகில், இடது கை இன்னொரு முதுகில். பாட்டுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். ஒருமுறை பாடிப் பார்த்தாள்; தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்துகொண்டார்கள். அதோடு பாட்டை விட்டுவிட்டாள். தட்டுவது மட்டும்தான்.

அந்தத் தட்டலில்தான் விஷயம் இருந்தது. எடுத்த எடுப்பில் மெதுவாகத் தட்ட மாட்டாள். குழந்தை எந்த வேகத்தில் காலை உதைக்கிறதோ அதே வேகத்தில் தட்டுவாள். ‘அட, நம்ம கட்சி ஆள்’ என்று குழந்தை நம்பிவிடும். நம்பியபின் இழை இழையாக வேகத்தைக் குறைப்பாள். கால் அவள் கையோடு கூடவே வரும். கை நிற்கும்போது கால் நின்றிருக்கும், கண் மூடியிருக்கும், வாயோரம் எச்சில் வழிந்திருக்கும். சுத்தமான நம்பிக்கைத் துரோகம் என்று டீச்சர் சொல்வார். காப்பகத்தின் பொறுப்பாளரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

கஷ்டம் என்னவென்றால், வேலை நேரம் முடிந்தது அந்தக் கைகளுக்குத் தெரியாது. எங்கே உட்கார்ந்தாலும், எதன்மேல் பட்டாலும், அவை பாட்டுக்குத் தட்டும். மகள் கணக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது பாசத்தோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மகள் கணக்கில் கோட்டை விட்டதற்கு இன்றுவரை அம்மாவைத்தான் சொல்கிறாள். வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். மனைவி தன் வண்டியில் ஏறினால் கடைசி இருக்கைக்குத்தான் போக வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். “உன் பக்கத்துல உக்காந்தவன் ஒருத்தனாவது இறங்க வேண்டிய இடத்துல இறங்கியிருக்கானா?” என்று கேட்பார்.

மாமியாருக்கும் மருமகளுக்கும் அந்த வீட்டில் சண்டையே வந்ததில்லை. மாமியார் சண்டைக்கு வருவார், வந்து பக்கத்தில் உட்காருவார், அவ்வளவுதான்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் நகராட்சி வாய் வைத்தது. காப்பகத்தை இனி மதியச் சாப்பாட்டோடு மூடிவிடலாம் என்று ஒரு தீர்மானம் வருவதாகப் பேச்சு அடிபட்டது. கொண்டு வருபவர் ஓர் உறுப்பினர், பெயிண்ட் கடைக்காரர். அவர் சொன்ன காரணம் ஊர் முழுக்கப் பரவி, கேட்டவர்களெல்லாம் அடடா என்று தலையாட்டினார்கள். “காலையில பிள்ளைங்க விளையாடுது, கத்துக்குது, சரி. மத்தியானம் தூங்குது. தூங்குற பிள்ளைக்கு எதுக்கு ஆளு, சம்பளம், கரண்டு? தூக்கத்தை வீட்டுல போய்த் தூங்கட்டுமே.”

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை அவர் யோசிக்கவில்லை. தையல் கம்பெனிக்குப் போகும் ஒருத்திக்கு ஒரே பிள்ளை, இரண்டு வயதுப் பெண். மேற்பார்வையாளர் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார், குழந்தையோடு வருவதாக இருந்தால் வரவே வேண்டாம் என்று. காய்கறி மார்க்கெட்டில் வேலை செய்கிறவர்கள், ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர்கள் எல்லோர் கதையும் அதேதான். தூங்கம்மாவுக்கோ மதியம் போனால் மொத்த வேலையும் போயிற்று. அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. “தூங்குறதுக்கு எதுக்கு ஆளா? வரச் சொல்லு அந்த ஆளை. இருபது உருப்படிய ஒரே நேரத்துல கண்ண மூட வெச்சுக் காட்டட்டும், நான் அவர் கடையில போய் டப்பா அடுக்குறேன்” என்று அடுப்படியில் நின்று பாத்திரத்திடம் சொன்னாள்.

கூட்டம் காப்பகத்துக்கு விடுமுறையான சனிக்கிழமை மதியம். பொதுமக்களும் போகலாம், பொதுமக்கள் சார்பில் ஒருவர் பேசலாம் என்றார்கள். டீச்சர் பேசுவது என்று முடிவாயிற்று. டீச்சர் எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தார். போகும் வழியில் நடந்துகொண்டே விளக்கினார்.

“மொத்தம் ஒம்பது பேரு. நம்ம பக்கம் நாலு, அவங்க பக்கம் தலைவரோட சேர்த்து நாலு. ஒம்பதாவது பல் டாக்டர். அவர் எனக்கு வாக்குக் குடுத்திருக்கார். அதனால அஞ்சுக்கு நாலு, நாம ஜெயிக்கிறோம்.”

“டாக்டர் வராமப் போயிட்டா?”

“வாயைக் கழுவுங்க. நாலுக்கு நாலு வந்தா தலைவருக்கு இன்னொரு ஓட்டு இருக்கு. தலைவர் யாரு? பெயிண்ட் கடைக்காரருக்குச் சம்பந்தி. அப்புறம் இன்னொண்ணு, தூங்கம்மா. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். உள்ள போனதும் கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. யாரையும் எதையும் தட்டாதீங்க.”

“என்னை என்ன சின்னப் பிள்ளைன்னு நினைச்சீங்களா, டீச்சர்?” என்று தூங்கம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

பெரிய கூட்ட அறையில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். யார் கடைப் பெயிண்ட் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அதனால் கூட்டத்தை மாடியில் ஒரு சின்ன அறைக்கு மாற்றியிருந்தார்கள். உறுப்பினர்கள் சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்கள். ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழுந்தது. மின்விசிறி ஒரே சுதியில் முனகியது. அறையைப் பார்த்ததுமே தூங்கம்மாவின் விரல்கள் குறுகுறுத்தன. இவ்வளவு தோதான அறை காப்பகத்தில்கூட அவளுக்குக் கிடைத்ததில்லை.

உறுப்பினர்களின் நாற்காலிகள் தலைவரைப் பார்த்து வரிசையாக இருந்தன. இடம் பற்றாமல் பொதுமக்களின் நாற்காலிகளை அவர்கள் முதுகோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். தூங்கம்மா இடம் தேடி நின்றபோது, உறுப்பினர்களில் ஒருவர் எழுந்து ஓடி வந்தார். உருண்டை முகம், முகமெல்லாம் சிரிப்பு. “நிக்காதீங்கக்கா, இப்படி உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா? மாடி ஏறி வந்திருப்பீங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இவர்தான் நம்ம பல் டாக்டர், சந்தேகமே இல்லை என்று அவள் முடிவு கட்டினாள். டாக்டரிடம் அவள் ஒருமுறை பல் பிடுங்கிக்கொண்டவள்தான். ஆனால் முகமூடியோடு இருக்கிற ஒருவரை வாயைப் பிளந்துகொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பார்த்தால் என்ன அடையாளம் தெரியும்? பெயிண்ட் கடைக்காரரையோ அவள் கண்ணால் கண்டதே இல்லை.

அவள் உட்கார்ந்த இடத்துக்கு நேர் முன்னால் இன்னொருவர் இருந்தார். ஒல்லியான ஆள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. டீச்சர் வணக்கம் சொன்னதைப் பார்க்காதவர் போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தூங்கம்மாவின் முழங்கால் தன் நாற்காலியில் இடித்ததற்கு, “பார்த்து உக்காரக் கூடாதா?” என்று சிடுசிடுத்தார். அவர் வலது கால் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டே இருந்தது.

ஓகோ, பெயிண்ட் கடைக்காரர் நீதானா என்று தூங்கம்மா மனசுக்குள் கறுவினாள். தூங்குகிறவனுக்கு ஆள் எதற்கு என்று கேட்டவன் தானாகவே அவள் கைக்கெட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறான். இதைவிடக் கடவுள் ஒருத்திக்கு என்ன செய்துவிட முடியும்? தூங்கினால் கை தூக்க முடியாது. கை தூக்காவிட்டால் ஓட்டு இல்லை. டீச்சர் மூன்று நாற்காலி தள்ளித் தன் பேச்சை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தூங்கம்மா கட்டியிருந்த கையை அவிழ்த்தாள்.

அந்த ஆளை அவள் தொடவில்லை. அவ்வளவு மரியாதை அவளுக்கும் தெரியும். நாற்காலியின் முதுகுப் பட்டையில் இரண்டு விரலை வைத்தாள். ஆடுகிற காலின் வேகத்திலேயே ஆரம்பித்தாள். தலைவர் முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைகளைப் படித்தார், அது வேறு அவளுக்கு உதவிக்கு வந்தது. தெருவிளக்கு, சாக்கடை மூடி, மறுபடி தெருவிளக்கு. கால் மெல்ல வேகம் குறைந்தது. விரலும் குறைந்தது. சாக்கடை மூடிகளின் எண்ணிக்கை முடிவதற்குள் கால் நின்றுவிட்டது. முதுகு நேராக, முகவாய் சற்றே தாழ்ந்து, ஆழ்ந்த யோசனையில் இருப்பவர் போல அவர் தூங்கிப் போனார். பார்ப்பவர் யாருக்கும் தெரியாத, நல்ல நாகரிகமான தூக்கம். தூங்கம்மா தன் கைவேலையைப் பார்த்துத் தானே மெச்சிக்கொண்டாள்.

“தீர்மானத்தைக் கொண்டு வர்ற உறுப்பினர் பேசலாம்” என்றார் தலைவர்.

உருண்டை முகக்காரர் எழுந்து நின்றார்.

தேன் ஒழுகப் பேசினார் மனுஷர். குழந்தைகள் தெய்வம் மாதிரி என்றார். தாய்மார்களை நினைத்தால் தனக்குத் தொண்டை அடைக்கிறது என்றார். பூட்டின கடைக்கு வியாபாரி எதற்கு, தூங்குகிற குழந்தைக்கு ஆள் எதற்கு என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பாதி அறை கூடச் சேர்ந்து சிரித்தது.

தூங்கம்மா அவரையும் தன் முன்னால் தூங்குகிறவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கத்தில் தையல் கம்பெனிக்காரி பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் தூங்கம்மா கிசுகிசுத்தாள். “இவருதான் பெயிண்ட் கடையா? அப்ப என் முன்னால இருக்கிறது யாரு?”

“பல் டாக்டர்க்கா. நம்ம ஆளு.”

நம்ம ஆளு லேசாகக் குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.

தூங்கம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுப்ப வேண்டும், ஆனால் எப்படி? எழுப்புவது அவள் வேலையே இல்லை. காப்பகத்தில் அதற்குப் பால் ஆயா இருக்கிறாள். டம்ளர்களைக் கலகலவென்று உருட்டுவாள். தூங்குகிற குழந்தையை எழுப்பக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, எழுப்புகிறவர்களை முறைத்து முறைத்தே தூங்கம்மாவின் காலம் போயிற்று. முழங்காலால் நாற்காலியை ஒரு இடி இடித்தாள். டாக்டர் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார். இருமினாள். தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டாள். அது டணாரென்று விழுந்து உருண்டது. அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது, அவரைத் தவிர. அவள் தூங்க வைத்த குழந்தைகள் இடி இடித்தாலும் எழுந்ததில்லை என்று டீச்சர் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்தப் பெருமையில் மண்ணை அள்ளிப் போட வேண்டும் போல் இருந்தது அவளுக்கு. தோளைப் பிடித்து உலுக்கலாம் என்றாலோ, கூட்ட நடவடிக்கைகளைப் பதியும் செயலாளர் அந்தப் பக்கமே கண்ணை நட்டுக்கொண்டு நின்றார். உறுப்பினர் தூங்கினார் என்று பதிவாகிவிட்டால் டாக்டரின் மானமும் போகும், ஓட்டும் போகும்.

இதற்கிடையில் டீச்சர் பேசினார். நன்றாகத்தான் பேசினார். பேச்சில் பாதி டாக்டரைப் பார்த்தே பேசினார். கண்ணை மூடிக்கொண்டு கவனமாகக் கேட்கிறார் என்று டீச்சருக்கு அவர்மேல் மரியாதை கூடியது. தூங்கம்மாவுக்கு அழுகை முட்டியது. இத்தனை பேர் பிழைப்பை இரண்டு விரலால் கெடுத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தையல் கம்பெனிக்காரியின் முகத்தை அவளால் ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை.

“தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்” என்றார் தலைவர்.

நான்கு கைகள். பெயிண்ட் கடைக்காரர் கையைத் தூக்கியபடியே கழுத்தைத் திருப்பி டாக்டரைப் பார்த்தார். புருவத்தை ஏற்றினார், இறக்கினார், தொண்டையைச் செருமினார். டாக்டர் யோசனை கலையவில்லை.

“நாலு” என்றார் செயலாளர்.

“எதிர்க்கிறவங்க?”

நான்கு கைகள். அறை மூச்சைப் பிடித்துக்கொண்டது. டீச்சர் வாயில் விரலை வைத்துவிட்டார்.

மதியங்களில், எல்லாக் குழந்தைகளும் தூங்கியபின், தூங்கம்மா ரகசியமாகச் செய்யும் ஒரு குறும்பு உண்டு. தூங்குகிற குழந்தையின் காதுக்குப் பின்னால் மெல்ல ஊதுவாள். ஏதோ பூச்சி என்று நினைத்துக் குழந்தை கையைத் தூக்கும், கண் திறக்காது. அதைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். ஆளில்லாத நேரத்தில் அவளுக்கு அது ஒரு சினிமா. பெரியவர்களுக்கு அது நடக்குமா என்று அவளுக்குத் தெரியாது. யோசிக்கவும் நேரம் இல்லை. கீழே விழுந்த பாட்டிலை எடுப்பவள் போல முன்னால் குனிந்து, டாக்டரின் வலது காதுக்குப் பின்னால் ஒரு ஊது ஊதினாள்.

கை சட்டென்று மேலே போனது.

“அஞ்சு!” என்று தையல் கம்பெனிக்காரி கத்தியேவிட்டாள்.

“அதெப்படி அஞ்சு?” பெயிண்ட் கடைக்காரர் துள்ளி எழுந்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. “மறுபடி எண்ணுங்க!”

செயலாளர் விரலை நீட்டி, ஒவ்வொரு கையாகக் காட்டி, முதலிலிருந்து எண்ணினார். தூங்கம்மா பாட்டிலைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். இறங்கிடாதே, இறங்கிடாதே என்று வேண்டிக்கொண்டாள். திறந்தபோது கை அங்கேயே இருந்தது.

“அஞ்சுதான். தீர்மானம் தோற்றது.”

அப்புறம் அங்கே நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. டீச்சர் அழுதார். தையல் கம்பெனிக்காரி குழந்தையைக் கொண்டுபோய் டாக்டர் மடியில் வைத்து, “சாருக்கு வணக்கம் சொல்லு” என்றாள். குழந்தை அவர் மூக்கைப் பிடித்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெயிண்ட் கடைக்காரர் வந்தார். கோபத்தில் குரலை அடக்க மறந்துவிட்டார்.

“டாக்டர், சாப்பிடும்போது என்ன சொன்னீங்க? என் பக்கம் கை தூக்குறேன்னு சொல்லித்தானே கை நனைச்சீங்க?”

டீச்சரின் அழுகை பாதியில் நின்றது. தூங்கம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது, டீச்சரின் வணக்கத்துக்கு அவர் ஏன் ஜன்னல் பக்கம் திரும்பினார், அந்தக் கால் ஏன் அப்படி ஆடியது என்பதெல்லாம். விழித்திருந்தால் இந்த மனுஷர் காலை வாரியிருப்பார். இப்போதும் என்ன? ‘நான் தூங்கிவிட்டேன், அந்த ஓட்டு செல்லாது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் கவிழ்ந்துவிடும்.

டாக்டர் பெயிண்ட் கடைக்காரரைப் பார்த்தார். மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

“கடைசி நிமிஷத்துல மனசாட்சி உறுத்திடுச்சு” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

கைதட்டல் அடங்குமுன் தூங்கம்மா நழுவிவிட்டாள். நடைக்கோடியில் தண்ணீர்த் தொட்டியருகே நின்று, டம்ளரில் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. டாக்டர்.

“என் நாற்காலியத் தட்டினது நீங்கதானேம்மா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆமென்று தலையை ஆட்டினாள்.

“ஊதினதும்?”

“தப்புதான் சார். எனக்காக இல்ல சார், பிள்ளைங்களுக்காக. நீங்க தூங்கும்போது உங்க கையைத் திருடிட்டேன். அதை மட்டும் வெளியில சொல்லிடாதீங்க.”

டாக்டர் முகத்தில் இப்போது எள்ளும் இல்லை, கொள்ளும் இல்லை. “ரொம்ப வருஷமாச்சும்மா நான் அப்படித் தூங்கி. யாருக்கும் பயப்படாம, கனவு கினவு எதுவும் இல்லாம. என்னவோ சின்ன வயசுல தூங்கின மாதிரி இருந்துச்சு. அந்தச் சுகம் உடம்புல இருக்கும்போதே பிள்ளைங்க தூக்கம் வீண்செலவுன்னு சொல்ல மனசு வரலை.”

“அதெப்படி சார்? நீங்கதான் தூங்கிட்டிருந்தீங்களே.”

“பூச்சின்னு நினைச்சுத்தான் கை போச்சு. அதுவரைக்கும் உங்க வேலை.” அவர் சிரித்தார். “ஆனா பூச்சிய விரட்டப் போன கை, செயலாளர் ரெண்டாவது தடவை எண்ணி முடிக்கிற வரைக்கும் மேலேயே நிக்குமாம்மா?”

தூங்கம்மா வாய் நிறையத் தண்ணீரோடு சிரித்துவிட்டாள். புரையேறிக் கண்ணில் நீர் கொட்டியது. பாதி புரை, பாதி சந்தோஷம். டாக்டர் பதறிப்போய் அவள் உச்சந்தலையில் தட்டினார். பத்துக் குழந்தை தூங்கினால் பத்தும் எழுந்துகொள்ளும்படியான தட்டு.